நாடு கடந்த பாடசாலைக் கூட்டுறவும் சக்திச் சிக்கனமும்

சிக்கனம் என்னுஞ் சொல் நம் நாட்டு வழக்கில் இரு முகம் உடையது. வீட்டுத் தலைவியின் செட்டைக் குறிக்குங்கால் அது புகழ். அயலவரின் கையிறுக்கத்தைக் குறிக்குங்கால் அதுவே இகழ். மின்சாரத்தைப் பொறுத்தவரையில் யாழ்ப்பாணத்தார்க்கு மூன்றாவதொரு பொருளும் உண்டு. சிக்கனம் என்றவுடன் மின்சாரமே இல்லாதிருந்த ஆண்டுகள் அவர்தம் நினைவுக்கு வரும். அதனாலேதான் போலும், ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்கச் சொன்னால், "இன்னமும் இருட்டிலா இருக்கச் சொல்கிறீர்கள்?" என்னும் மறுமொழி எழுகின்றது. அம்மறுமொழியில் நியாயம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் அதனோடு அமைதியடைதலும் இயலாது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று வெளிநாடுகளில் வாழ்பவர். அவர்தம் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் சிலவற்றிற் 'சக்திக் குழு' என ஒன்று இருத்தல் கூடும். அத்தகைய குழுக்கள் எவ்வாறு தோன்றின, நாடு கடந்து எவ்வாறு கைகோத்தன, எமது கல்லூரி போன்றதொன்று அக்கூட்டுறவிற் சேர்வதாயின் கொடுப்பது யாது, பெறுவது யாது என்பவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். தமிழ் கற்பிப்பவர்க்கு இதில் என்ன வேலை என்று விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் வினவலாம். வேலை உண்டு என்பது போகப் போகப் புலப்படும்.

முதலில் ஜேர்மனி நாட்டின் ஹம்பேர்க் நகரை நோக்குவோம். அங்குப் பாடசாலைகளின் மின்கட்டணத்தையும் வெப்பமூட்டற் செலவையும் செலுத்துவது நகர ஆட்சி. பாடசாலை எவ்வளவு செலவழித்தாலும் அதன் அதிபர்க்கோ மாணவர்க்கோ நட்டமில்லை. எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இலாபமுமில்லை. கட்டணத்தைச் செலுத்துங் கை ஒன்று, ஆளியை அழுத்துங் கை மற்றொன்று. இவ்விரு கைகளும் ஒன்றையொன்று அறியாதிருக்கும்வரை எத்துணை அறிவுரை கூறினும் பயன் சிறிதே. 1994 ஆம் ஆண்டில் அந்நகரத்தார் எளியதொரு வழியைக் கண்டனர். மாணவரும் ஆசிரியரும் தம் பழக்கத்தைத் திருத்திக்கொள்வதனால் எவ்வளவு பணம் மிஞ்சுகின்றதோ, அதிற் சரிபாதி பாடசாலைக்கே உரியது. மறுபாதி நகரத்துக்கு உரியது. பாடசாலை தன் பங்கைக் கொண்டு நூல் வாங்கலாம், பந்து வாங்கலாம், சுற்றுலாவுக்குஞ் செல்லலாம். இத்திட்டத்துக்கு 'ஐம்பதுக்கு ஐம்பது' என்றே பெயர். நம் நாட்டு வாரக் குத்தகையை அறிந்தவர்க்கு இக்கணக்கு விளங்காமற் போகாது.

அதன் வேலை முறையுஞ் சுவையானது. ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் சிலரும் ஆசிரியர் ஒருவரும் கூடி ஒரு குழுவாவர். இவர்களோடு கட்டடப் பராமரிப்பாளரும் உறுப்பினராதல் வேண்டும். இதனை நாம் பெரிதும் மதிக்கின்றோம். எந்த அறையின் யன்னல் சரியாகப் பூட்டாது, எந்த விளக்கு இரவெல்லாம் எரிகின்றது, எந்தக் குழாய் ஒழுகுகின்றது என்பதை அதிபரினும் அவரே நன்கறிவார். எமது பாடசாலைகளிலும் மணியடிப்பவரும் கதவு பூட்டுபவருமாகிய பணியாளர் அறிந்தவற்றை நாம் கேட்டறிவது அரிது. ஜேர்மனியில் அவரை மாணவரோடு சமமாக ஒரே மேசையில் இருத்தினர். பின் குழுவினர் வெப்பமானியை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்றனர். குளிர்நாட்டில் ஓர் அறையின் வெப்பநிலையை ஒரு பாகை குறைத்தால் வெப்பமூட்டற் செலவில் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பர். கதவைச் சாத்துதல், யன்னலைச் சிறிது நேரம் நன்றாகத் திறந்து பின் மூடுதல், இடைவேளையில் விளக்கை அணைத்தல் ஆகிய சிறு செயல்களே அவர்தம் கருவிகள்.

ஹம்பேர்க்கில் விளைந்த வித்து ஏனைய நாடுகளிலும் ஊன்றப்பட்டது. பார்சலோனா மாகாண சபை முன்னின்று நடத்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையுடன் 2009 ஆம் ஆண்டில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்தன. 2013 முதல் 2016 வரை நடந்த இரண்டாங் கட்டத்தில் நாடுகள் பதின்மூன்றாகவும் பாடசாலைகள் ஐந்நூறாகவும் பெருகின. இதற்கு முன்னரே, 1996 இல், நோர்வே நாட்டின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இன்னொரு கூட்டுறவைத் தொடங்கியிருந்தனர். நோர்வே மாணவரும் ரஷ்யா முதலிய கிழக்கு நாடுகளின் மாணவரும், பின்னர் மத்திய ஆசிய நாடுகளின் மாணவரும் தத்தம் வீட்டிலும் பாடசாலையிலும் செலவாகுஞ் சக்தியை அளந்து ஒருவர்க்கொருவர் அறிவித்தனர். பாடநூல் அந்தந்த நாட்டு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. இலங்கைப் பாடசாலைகளுக்கும் இத்தகைய தொடர்பு முற்றிலும் புதியதன்று. பிரித்தானியக் கவுன்சில் நடத்திய வகுப்பறை இணைப்புத் திட்டத்தில் நம் நாட்டுப் பாடசாலைகளும் பங்குகொண்டிருந்தன. ஆனால் அத்தகைய இணைப்புகளிற் பெரும்பாலும் நடப்பது வாழ்த்து மடல் அனுப்புதலும் நடனம் ஆடிக்காட்டுதலுமே. நாம் கருதுவது அதுவன்று. அளந்து எழுதிய இலக்கங்களைப் பரிமாறுதலையே நாம் கூட்டுறவு என்கின்றோம்.

அளத்தல் என்றவுடன் சொல் பற்றிய ஐயம் ஒன்றைத் தீர்த்தல் வேண்டும். ஈழத்துப் பாடநூல்கள் 'வலு' என்றும் 'சக்தி' என்றும் இரு சொற்களை வழங்கும். தமிழ்நாட்டார் இவற்றை முறையே 'திறன்' என்றும் 'ஆற்றல்' என்றும் கூறுவர். இரண்டையும் மயக்குதல் மாணவர்க்கு மட்டுமன்றிப் பத்திரிகையாளர்க்கும் இயல்பு. கிணற்றிலிருந்து நீரிறைக்கும் வேகம் எத்தகையதோ அத்தகையது வலு. இறைத்து முடித்தபின் தொட்டியில் நிற்கும் நீர் எத்தகையதோ அத்தகையது சக்தி. வாற்று என்பது வலுவின் அளவு. ஆயிரம் வாற்று ஒரு மணி நேரம் செலவாயின் அஃது ஓர் அலகு. மின்கட்டணச் சிட்டையில் நாம் பணஞ் செலுத்துவது அலகுக்கே. ஆகவே சிறிய விளக்காயினும் நெடுநேரம் எரிந்தாற் செலவு பெரிது.

இதனை எமது வகுப்பறை ஒன்றில் வைத்துப் பார்ப்போம். பழைய வகைக் குழாய் விளக்கு ஒன்று, அதன் துணைக்கருவியோடு ஏறத்தாழ 50 வாற்று. நான்கு விளக்குகளுக்கு 200. கூரை மின்விசிறி ஒன்று 75, இரண்டுக்கு 150. ஆக ஓர் அறைக்கு 350 வாற்று. இடைவேளையிலும், விளையாட்டுப் பாடத்தின்போதும், பாடசாலை கலைந்த பின்னும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அவை ஆளின்றி ஓடுகின்றன எனக் கொள்வோம். நாற்பது அறையுடைய கல்லூரியில் நாளொன்றுக்கு 14 அலகு வீண். ஆண்டிற் பாடசாலை நடைபெறும் நாள் 200 எனின் 2,800 அலகு. இத்தொகையை நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெறுவதாயின், ஓர் அலகுக்கு ஏறத்தாழ 400 கிராம் வீதம், ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கரி வேண்டும். அக்கரி கடல் கடந்து கப்பலில் வருவது. இக்கணக்கிற் கூறிய மணியும் அறையும் எடுத்துக்காட்டே. உண்மையான தொகையை ஒவ்வொரு பாடசாலையும் தானே அளந்தறிதல் வேண்டும். நீர்த்தாங்கி நிரம்பி வழிவதையும் மறத்தலாகாது. ஒரு குதிரைவலு மோட்டர் 746 வாற்று. அரை மணி நேரம் தாங்கி வழிந்தால் மூன்றிலொரு பங்கு அலகுக்கு மேல் மின்சாரமும், அதனினும் அரிய நன்னீரும் மண்ணிற் போகும்.

இனி எமது பக்கம். வெளிநாட்டுப் பாடசாலையோடு கைகோக்கும்போது நாம் பெறுபவராகவே நிற்றல் வேண்டும் என எண்ணுவோர் பலர். அது தவறு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது நாம் கீழ்வகுப்பு மாணவர். குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்காக வரவில்லை. எரிபொருளுக்குந் தடை. மண்ணெண்ணெய் போத்தற் கணக்காய் விலைபோயிற்று. அக்காலத்திற் குடாநாட்டார் கண்ட உபாயங்களை இன்றைய மாணவர் கதையென்றே எண்ணுவர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பின்னே வந்த புகையை மறப்பதற்கில்லை.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் வார்ப்பர். கம்பியிற் பொருத்திய சிறு குழாயினூடே மெல்லிய திரி ஒன்று பஞ்சைத் தொட்டு நிற்கும். போத்தலின் சுவரே சிமினி. சுடர் சிறிது, காற்று அதனை அலைக்காது, ஆகவே எண்ணெய் மெல்லச் செலவாகும். போத்தல் சரிந்தாலும் பஞ்சு பற்றிய எண்ணெய் எளிதிற் கொட்டாது. ஒரு விளக்கைச் சூழ மூவர் நால்வர் இருந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டு மனனஞ் செய்வர். இக்கல்லூரியின் பழைய மாணவருள் இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் விளங்குவோர் சிலர் அவ்வொளியிற் படித்தவரே.

அக்காலத்தைப் பொற்காலம் என்று பாட நாம் ஒருப்படோம். புகையுண்ட கண்கள், எரிந்த பாய்கள், தீப்புண் பட்ட குழந்தைகள் யாவும் அவ்விளக்குகளோடு சேர்ந்தவையே. தென்னிலங்கையிலும் அத்துன்பம் இருந்தது. கொழும்பில் அறுவை வைத்தியராய் இருந்த விஜய கொடகும்புர என்பார், சரிந்த போத்தல் விளக்குகளால் வெந்து வந்தோரைக் கண்டு மனம் நொந்து, மாமைற் போத்தலின் வடிவை அடியொற்றிக் குட்டையான, கனத்த, உருளாத விளக்கொன்றை அமைத்தார். திருகு மூடி அதற்கு உண்டு. 1998 இல் அவர்க்கு றொலெக்ஸ் பரிசு கிடைத்தது. ஒரே நாட்டின் இரு முனைகளிலும் ஒரே துன்பத்துக்கு இருவேறு போத்தல்கள் விடை கூறின. அவரைப் பற்றி நாம் அறிந்தது பல்லாண்டு கழிந்த பின்னரே. பாடசாலைகளுக்கிடையே கடிதப் போக்குவரத்து இருந்திருப்பின் இத்தகைய அறிவு முன்னரே கைமாறியிருக்கும் என்று இன்று எண்ணுகின்றோம்.

போர் முடிந்தபின் 2013 ஆம் ஆண்டில் வவுனியா, கிளிநொச்சி வழியாக வந்த உயர்வலுக் கம்பிகள் சுன்னாகத்தை எட்டின. லக்சபானவின் நீரும் நுரைச்சோலையின் கரியும் நம் வீட்டு விளக்கோடு தொடர்புற்றன. பளைப் பகுதியிற் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆனால் மின்சாரத்தின் விலை சிட்டையில் உள்ள தொகை மாத்திரமன்று என்பதையும் சுன்னாகமே நமக்குக் கற்பித்தது. அங்கு டீசல் எரித்து மின்சாரம் ஆக்கிய நிலையத்தின் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மின்சாரம் ஆக்கிய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என 2019 ஏப்பிரலிற் தீர்ப்பாயிற்று. சுண்ணாம்புக் கல்லின்மேல் வாழ்பவர் நாம்; மேலே சிந்தியது கீழே இறங்கும். ஆறில்லாத நாட்டிற் கிணறு கெட்டால் மாற்று ஏது?

பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. எரிபொருள் இன்மையால் யூன், யூலை மாதங்களிற் பாடசாலைகள் மூடப்பட்டன. ஓகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டதும் உண்மையே. அந்நாட்களிற் பரணில் ஏறி ஜாம் போத்தலைத் தேடிய முதியோரை நாம் கண்டோம். எப்படிச் செய்வது என்று அவர்களைச் சூழ்ந்து நின்று கேட்ட பிள்ளைகளையுங் கண்டோம்.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முன்னோர் எழுப்பிய பழைய வகுப்பறைகள் அரைச்சுவரும், ஓட்டுக் கூரையும், இருபுறமும் விறாந்தையும், முற்றத்தில் வேம்பும் உடையவை. பகலில் அங்கு விளக்கு வேண்டியதில்லை. கோடையிலும் காற்று ஊடறுத்துச் செல்லும். இன்று எழும் மாடிக் கட்டடங்கள் கண்ணுக்கு அழகியவை. சீமெந்துத் தட்டு உச்சிவெயிலை உண்டு பிற்பகலிற் கக்கும்போது, விசிறியின்றி அங்கே பாடஞ் சொல்வது யாருக்கும் இயலாது. பழைய மாணவர் சங்கங்கள் செய்த உதவிகளை மறப்பார் எவருமிலர். ஆயினும் அவர்கள் மனங்கோணாதிருப்பின் ஒன்று கூறுவோம். அறையொன்றைக் குளிரூட்டும் இயந்திரம் 1,500 வாற்று வரை உண்ணும். அஃது இருபது மின்விசிறிக்குச் சமம். அதனைத் தந்தவர் பெயர் கதவிற் பொறிக்கப்படும். அதன் மாதக் கட்டணத்தைச் சுமப்பவர் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை.

இவ்விடத்திலேதான் ஹம்பேர்க்கின் பாடம் நமக்கு உதவுகின்றது. அங்கு மிச்சத்திற் பாதியைப் பாடசாலைக்குத் திருப்பிக் கொடுக்க நகர ஆட்சி இருந்தது. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு வரும்வரை காத்திருத்தல் வேண்டுமா? வெளிநாட்டிலுள்ள எமது சங்கக் கிளைகள் அந்நகர ஆட்சியின் இடத்தில் நிற்கலாம் என்பது எம் கருத்து. கல்லூரி மின்சாரத்தில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் ஒரு நூறு ரூபாவை நூலகத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ ஒரு கிளை வழங்குமாயின், ஆளியை அணைத்த மாணவன் அதன் பயனைத் தன் கண்ணாற் காண்பான். இது பெருந்தொகையன்று, ஒரு குளிரூட்டியின் விலையிற் பல ஆண்டு நடத்தலாம். பழைய குழாய் விளக்குகளை நீக்கி 20 வாற்று எல்.ஈ.டி. விளக்குகளை இடுதலும், கூரையிற் சூரிய மின்கலத் தகடுகளைப் பரப்புதலும் நல்லனவே. ஆனால் இவை பழக்கத்துக்குப் பின்னர் வரவேண்டியவை. வீணாக்கும் பழக்கத்தின்மேற் தகட்டைப் பரப்பினால் வீணும் சூரிய ஒளியில் நடக்கும், வேறொன்றும் மாறாது.

கூட்டுறவின் மறுபாதி, அப்பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளோடு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ உள்ள ஒரு பாடசாலையின் குழுவும் நம் குழுவும் மாதந்தோறும் மின்மானியின் இலக்கங்களை எழுதிப் பரிமாறட்டும். இங்குச் சில தடைகள் உண்டு. அவர்தம் செலவிற் பெரும்பகுதி குளிருக்கு, நமதோ வெப்பத்துக்கு. தொகையோடு தொகையை ஒப்பிட்டால் அவர்கள் நாணுவர். நாம் வீண் பெருமை கொள்வோம். ஆகவே ஒவ்வொரு பாடசாலையும் தன் நேற்றோடு மட்டுமே போட்டியிடல் வேண்டும். நேற்று என்பது எந்த ஆண்டு? பெருந்தொற்றும் மின்வெட்டும் பாடசாலைகளை மூடிய 2020, 2021, 2022 ஆம் ஆண்டுகளை அடிப்படையாகக் கொண்டாற் கணக்குப் பிழைக்கும். அதன்பின் வந்த முழுமையான ஆண்டுகளின் சராசரியைக் கொள்வதே தகும். தவணை விடுமுறை நாட்களுங் கழிக்கப்படல் வேண்டும். உயர்தரக் கணித மாணவர்க்கு இது நல்ல பயிற்சி.

தமிழாசிரியர்க்கு உரிய வேலையும் இங்கேதான். அந்நாடுகளிற் சனிக்கிழமைகளில் தமிழ் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, எழுதுவதற்கு உண்மையான பொருள் கிடைப்பதில்லை. பொங்கலைப் பற்றியும் பசுவைப் பற்றியும் எத்தனை முறை எழுதுவர்? "எங்கள் பாடசாலையில் நேற்று வெப்பநிலை இவ்வளவு; நாங்கள் இதனை அணைத்தோம்; இவ்வளவு குறைந்தது; உங்கள் ஊரில் எப்படி?" என்று எழுதினால் அங்கே மொழி உயிர்பெறும். நம் மாணவர் விடை எழுதும்போது ஜாம் போத்தல் விளக்கின் படத்தை வரைந்து, பாட்டனாரிடம் கேட்ட செய்முறையையும் அனுப்பலாம். வலு, சக்தி, திறன், ஆற்றல் என்னும் சொற்களுள் எதனை வழங்குவது என்ற சிறு பூசலும் எழும். அதனைத் தீர்த்துவைக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.

தொடங்குவதற்கு வேண்டுவன ஓர் அப்பியாசக் கொப்பியும், பென்சிலும், வாரந்தோறும் திங்கட்கிழமை காலை மணியடிக்குமுன் மின்மானியைப் பார்க்க இரு மாணவருமே. மின்மானி இருக்கும் அறையின் திறப்பு எமது பணியாளரிடம் இருக்கின்றது. அவரே குழுவின் முதல் உறுப்பினர். கடந்த ஆண்டுகளின் சிட்டைகள் அலுவலகக் கோவையில் உள. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவருள், தம் பிள்ளையின் பாடசாலை அதிபரோடு இதுபற்றிப் பேச முன்வருவோர் தத்தம் கிளைச் செயலாளர் வாயிலாக எமது கல்லூரி அலுவலகத்துக்கு எழுதுவாராயின், அடுத்த தவணை முதல் வாரத்திலேயே எமது முதற் கடிதம் புறப்படும்.